பதினேழாம் எண் ஸ்லைடு

11-3-74, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். ஏரிப் பக்கமிருந்து கொஞ்சமும் காற்றில்லை. மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் நல்ல நாள். ஜன்னல் வெளிச்சம் அடிக்கண்ணாடியில் நேராக விழுந்தது. பத்து மணிக்குக் கரண்டு போனதே எனக்குத் தெரியாது.

சளி ஸ்லைடு 23. பாசிட்டிவ் 5.

வாங்க வேண்டியவை: சுமதிக்குச் சிலேட்டுக் குச்சி. மண்ணெண்ணெய். வீட்டுக்காரருக்குப் பனியன் இரண்டு (லோகோ ஷெட்டில் ரயில் எஞ்சின் பொறி பட்டு எல்லாம் ஓட்டை).

கோவளம் ரஹ்மத் வந்தாள். இருபத்திரண்டு வயது. ஜனவரிக் கடைசியில் காய்ச்சல், இருமல் என்று கிளினிக்குக்கு வந்தவள். சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக எழுதிக் கொடுத்தது நான். அன்றைக்கே மாமியார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்போரூர் போய்விட்டாளாம். அப்போது குழந்தைக்கு ஆறு மாதம், இப்போது எட்டு நடக்கிறது. ஊசி தினம் ஒன்று. மெட்ராஸ் போய் எக்ஸ்ரே எடுத்துவர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், நெஞ்சு சுத்தமா இருக்கு. எடை ஏறியிருக்கு. இருமல் நின்னு ஒரு மாசம் ஆச்சுங்கறா. ஆனா போன வாரம்கூட நீ பாசிட்டிவ்னு எழுதியிருக்கே."

"இருந்துச்சு சார். நாலு எண்ணினேன்."

"சரி."

அந்தச் 'சரி' பிடிக்கவில்லை. பதினொரு வருடமாக இந்த நாற்காலி. ஸ்லைடில் இருந்தால்தான் இருக்கிறது என்று எழுதுவேன்.

வெளியே பெஞ்சில் ரஹ்மத். "அக்கா, புள்ளைய எப்ப தூக்கலாம்? பாலு நின்னு போச்சு. அது போவட்டும். தூக்குனா போதும்." அப்புறம், "காதுல வண்டு கத்திகினே கீதுக்கா."

ஊசி முடிந்தால் சரியாகிவிடும் என்றேன். என்ன தெரிந்து சொன்னேன்?

12-3, செவ்வாய்

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

டா.வின் 'சரி' காதிலேயே இருந்ததால் மத்தியானம் சாப்பிடாமல் ரெஜிஸ்டரை எடுத்து வைத்து எண்ணினேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர்: இருபதுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. ஜனவரிப் பாதிக்குப் பிறகு நாலு, ஐந்து. கூடுதலாக வந்தவற்றில் பெரும்பாலும் 'சில மட்டும்' என்று என் கையெழுத்திலேயே குறிப்பு. கும்பலாக இல்லை, அங்கொன்றும் இங்கொன்றும்.

தையில் திடீரென்று செங்கல்பட்டு முழுக்கக் காசநோய் பெருகுமா?

ஸ்லைடு பழசு என்று தோன்றியது. புதுக் கண்ணாடி வருவதில்லை, ஒன்றையே கழுவிக் கழுவிப் போடுகிறோம். பழைய ஆளின் கிருமி ஒட்டிக்கொண்டு புது ஆளின் பெயரில் வரலாம். கழுவுவது கமலநாதன். எங்கள் அட்டெண்டர், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலில் வந்து போகிறவர், ஐம்பது வயது. அவரிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. பேஷண்டுகள் இருந்தார்கள்.

"இன்னாம்மா இப்படி சொல்லிட்ட? சோப்பு போட்டு, ஆசிட்ல ஒரு நாள் ஊற வெச்சு, துணியில தொடச்சுதான் குடுத்துகினு கீறேன். நா எதுல கொற வெச்சேன் சொல்லு."

"எங்கியோ தப்பு நடக்குதுல்ல அண்ணே."

"அப்ப என் கையிலதான் நடக்குதா?"

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை பேசவில்லை. போகும்போது வழக்கமாகச் சொல்லும் "வரேம்மா"வும் இல்லை.

13-3, புதன்

பீரோ அடியில் பிரிக்காத ஸ்லைடு பெட்டி ஒன்று. பிரித்தேன். இன்று முழுக்கப் புதுக் கண்ணாடி.

டிரெயினிங்கில் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் அன்றைய சளியோடு இரண்டு ஸ்லைடு சேர்த்துப் போடு: நோய் உண்டு என்று நிச்சயம் தெரிந்த ஒன்று, இல்லை என்று நிச்சயம் தெரிந்த ஒன்று. அவை சரியாக வந்தால்தான் மற்றதை நம்பு. முதல் இரண்டு வருடம் செய்தேன். கூட்டம் கூடியதும் விட்டுவிட்டேன். இரண்டு ஸ்லைடு என்றால் அரை மணி நேரம்.

இன்று மறுபடி. 'இல்லை' என்பதற்கு யாருடையதைப் போடுவது? என்னுடையதையே. தொண்டையைக் காறி, நானே தேய்த்து, கமலநாதனிடம் கொடுத்தேன். எந்த எண் என்று எனக்குத் தெரியக்கூடாது, நீங்களே எண் போட்டுக் கலந்து வையுங்கள் என்றேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

22 பார்த்தேன். பாசிட்டிவ் 4. எழுதி முடித்துவிட்டு, "அண்ணே, என்னோடது எது?"

"பதினேழு."

பதினேழு: சிவப்புச் சாயம் ஏறிய கிருமிக் குச்சி மூன்று. நீலத்தின் நடுவே சாய்ந்து கிடந்தன. நானே எண்ணி நானே எழுதியிருக்கிறேன்.

திரும்பப் பார்த்தேன். மூன்றேதான்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பதினொரு வருடம் அடுத்தவர் சளியை மோந்துகொண்டு உட்கார்ந்தால் வராமலா இருக்கும்? சுமதி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போ, வேர்வை, என்று தள்ளிவிட்டேன். என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்தார். சுமதி மட்டும், "அம்மா, எம்மேல கோவமா?"

ரஹ்மத்துக்கு இப்படி ஏழு வாரம்.

14-3, வியாழன்

லீவு போடலாமா என்று யோசித்து, போடவில்லை.

குளிக்கும்போது ஒன்று தோன்றியது. எனக்கு இருமல் இல்லை, எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை. ரஹ்மத்துக்கும் இப்போது இல்லை. அவள் நெஞ்சும் சுத்தம். இரண்டு பேரையும் நோயாளி ஆக்கியது ஒரே மேஜை.

மனுஷன் எச்சிலே படாத ஸ்லைடு ஒன்று வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கோழி முட்டை கொண்டுபோனேன். அதன் வெள்ளையைப் புதுக் கண்ணாடியில் தேய்த்துக் காயவைத்தேன். மற்ற எல்லாம் வழக்கம்போல. சிவப்புச் சாயம், சூடு, அலசல், ஆசிட், அலசல், நீலச் சாயம், அலசல்.

பதினொன்றரைக்கு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஐம்பது இடம் பார்ப்பதற்குள் இரண்டு குச்சி. நூறு முடிவதற்குள் ஐந்து.

கமலநாதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"யாருதும்மா இது?"

"முட்டை அண்ணே. வெறும் முட்டை."

"முட்டைக்கு டி.பி.யா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். யாரோ, "இன்னா, லேபு இல்லியா இன்னிக்கு?" என்று கேட்டதும், "இருப்பா, அம்மா வேலையா கீறாங்க" என்று அவர் சொன்னதும் கேட்டது.

சாயங்காலம் சுமதியை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டினேன். ஆறு வயசுக்கு ஊட்டுவதா என்று அவர் கேட்டார்.

15-3, வெள்ளி

கோயிலில் தவக்கால ஆராதனை. போகவில்லை.

எதில் இருந்து வருகிறது? சாயமா, ஆசிடா, தண்ணீரா? பஸ் ஸ்டாண்டு பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பாட்டில் கமலநாதன் வாங்கிவந்தார். கடைக்காரர், எந்த லாரிக்கு என்று கேட்டாராம்.

முட்டை ஸ்லைடு நாலு. சாயம், ஆசிட் எல்லாம் ஒன்றுதான். இரண்டை வழக்கம்போல ரப்பர் டியூப்பில் வரும் டாங்க் தண்ணீரில் அலசினேன். இரண்டைப் பேட்டரித் தண்ணீரில்.

டாங்க்: குச்சி உண்டு, இரண்டிலும்.
பேட்டரி: இல்லை, இரண்டிலும். நூறு இடத்துக்குப் பதில் முந்நூறு பார்த்தேன். இல்லை.

ரப்பர் டியூப்பைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தோம். உள்ளே பாசி மாதிரி வழவழவென்று ஒரு படலம். அதைச் சுரண்டி ஸ்லைடு போட்டேன். எண்ண முடியவில்லை. வைக்கோல் போர் மாதிரி சிவப்பு.

இது எப்போது மாட்டியது என்று கமலநாதனைக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்டோர் நோட்டைப் பாரும்மா" என்றார்.

பார்த்தேன். ஜனவரி 17. 'டிஸ்டில்டு வாட்டர் மிஷின் எரிந்துவிட்டது. இனி அலசுவதற்கு டாங்க் தண்ணீர் போதும். ரப்பர் டியூப் மாட்டவும். எஸ்தர்.'

அவருக்கு இது முதல் நாளிலிருந்தே ஞாபகம் இருந்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் நான் அவரைக் கேட்டபோதும் இதைச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்குங்க அண்ணே."

"அலசத்தானேன்னு நீ சொன்ன. அலசத்தானேன்னு நானும் மாட்டுனேன். வுடு."

16-3, சனி

டா.விடம் சொன்னேன். கிழித்த டியூப், முட்டை ஸ்லைடு நாலு, ரெஜிஸ்டர், ஸ்டோர் நோட்டு, எல்லாம் மேஜையில் வைத்து.

எல்லா ஸ்லைடையும் அவரே பார்த்தார். முக்கால் மணி நேரம். நான் நின்றுகொண்டே.

"இது தண்ணியில வளர்ற ஜாதி. ஆளை ஒண்ணும் பண்ணாது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எத்தனை பேரு சந்தேகம்?"

நேற்று ராத்திரியே பட்டியல் போட்டிருந்தேன். கும்பலாக இருந்தவை நிஜம். சிலது மட்டும் இருந்து, எக்ஸ்ரே ஒத்துப்போகாதவர்கள், அல்லது எக்ஸ்ரே எடுக்காதவர்கள்: திரும்பத் திரும்ப வந்த அதே பெயர்களைக் கழித்தால், ஒன்பது பேர்.

"ஒன்பது பேரையும் நிறுத்தச் சொல்லி இன்னிக்கே ஆளனுப்பலாம் சார்."

"வேண்டாம். மறுபடி சளி பார்க்காம எதையும் நிறுத்தாதே. இதுல நிஜமும் கலந்திருக்கும்." பிறகு, "வெளியில தெரிஞ்சா இந்தச் சுத்துவட்டாரத்துல யாரும் நம்மகிட்ட வந்து துப்ப மாட்டாங்க, எஸ்தர். நிஜமா நோய் இருக்கறவன்கூட வரமாட்டான். பார்த்து, இல்லைன்னு வந்தா, 'குணமாயிடுச்சு'ன்னு சொல்லிட்டா என்ன? அவங்களுக்கும் சந்தோஷம்."

அவர் சொல்வதில் தப்பென்று எதைச் சொல்வேன்? திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

17-3, ஞாயிறு

பிரசங்கம் காதில் விழவில்லை.

'குணமாயிடுச்சு' என்று சொன்னால்: ரஹ்மத் காசநோய் வந்து தேறியவள். மாமியார் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பாள். அடுத்த முறை சளி பிடித்தால் மறுபடி குழந்தை திருப்போரூர். நாளைக்கு அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் பேசினாலும், அவள் அம்மாவுக்கு... என்று ஆரம்பிப்பார்கள்.

'இருந்ததே இல்லை' என்று சொன்னால்: அப்புறம் எங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

காலையில் அவர் ஷெட்டுக்குக் கிளம்பும்போது சொன்னேன். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார். "வேலை போயிடுமா?"

"போவலாம்."

"எங்க ஷெட்ல பிரேக்கு சரியா கீதுன்னு கையெழுத்துப் போட்டவன், அப்பால இல்லன்னு தெரிஞ்சா வண்டிய நிறுத்தச் சொல்லணும். கௌம்பிட்டாக்கூட. பாக்ஸ்ல என்னா வெச்சிருக்க?"

"எலுமிச்சம்பழ சாதம்."

18-3, திங்கள்

வெயில் அதிகம். டா. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நானே போனேன்.

"சார், குணமாயிடுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. கொழந்தைய தூக்கிட்டுப் போனது என் கையெழுத்தைப் பாத்து."

பேனா மூடியைத் திருகி மூடினார். "உன் கையெழுத்தை மட்டும் பார்த்தா? எக்ஸ்ரேக்குக் காத்திருக்காம ஊசி எழுதினவன் நான்தானே. எழுதிக் கொடுக்கறதா இருந்தா என் பேரையும் சேர்த்துப் போடு."

படாளம் பக்கத்து ஆட்களிடமும் தன் ஊர்க்காரர்களிடமும் கமலநாதன் போகிறார். கடற்கரைப் பக்கம் நான். சொல்ல வேண்டியது: லேபில் தவறு நடந்திருக்கிறது, மூன்று நாள் சளி மறுபடி வேண்டும், முடிவு வரும் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரஹ்மத்துக்கு மட்டும் ஊசியை இன்றோடு நிறுத்தச் சொன்னார் டா.; அந்த ஊசி காதைக் கெடுக்குமாம். அந்த இரைச்சல் போகுமா என்று கேட்டேன். "போகலாம். போகாமலும் இருக்கலாம்."

19-3, செவ்வாய்

காலை ஆறரை பஸ். திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம், அங்கே மாறிக் கோவளம். பையில் மூடி போட்ட சளி டப்பாக்கள். பக்கத்து சீட்டு அம்மாள், "ஊறுகாயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மசூதிக்குப் பின்னால் வீடு. வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. ரஹ்மத்தின் புருஷன் காசிம் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர். பெண்டாட்டிக்கு டி.பி. என்று தெரிந்ததும் கிளாஸைத் தொட ஆள் இல்லையாம். கடை மூடி ஒரு மாதம். வலை இழுக்கப் போகிறார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். தண்ணீர், டியூப், முட்டை, ஜனவரி 17, அதை எழுதியது நான்.

காசிம், "அப்ப இவளுக்கு ஒண்ணும் இல்லியா நர்சம்மா?"

"இல்லைன்னுதான் நெனைக்கிறோம். சளிய மறுபடி பாத்துட்டு நிச்சயமா சொல்றோம்."

ரஹ்மத் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"மொதல்ல இருக்குன்ன. இப்ப இல்லன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"எம்புள்ள குப்புற வுழுந்து தவழ்ந்துச்சாம். பக்கத்து வூட்டு அக்கா பாத்துட்டு வந்து சொல்லுச்சு. நா பாக்கல. உன் தண்ணியால."

காசிம், "ஏய், பெரியவங்க கிட்ட..." என்றார். விடுங்கள் என்றேன்.

டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை. "உன் டப்பாவ நீ எடுத்துகினு போ. நானே அங்க வரேன். எங்கண்ணு முன்னால பாரு."

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் கூட்டம். கடலைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

20-3, புதன்

வந்தார்கள், இரண்டு பேரும். முதல் சளி. பேட்டரித் தண்ணீர். கூடவே உண்டு-ஸ்லைடு, இல்லை-ஸ்லைடு. மூன்றுக்கும் எண் போட்டது கமலநாதன். ரஹ்மத் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் மேஜையில் சிந்திவிட்டது.

இல்லை.

மேஜைக் கறை போகவில்லை. ஸ்பிரிட் போட்டும்.

22-3, வெள்ளி

நேற்று இரண்டாவது, இன்று மூன்றாவது. இல்லை, இல்லை.

பார்க்கிறாயா என்று கேட்டேன். முக்காட்டை ஒதுக்கிக் குனிந்தாள். முதலில் நோய் உண்டு என்று தெரிந்த ஸ்லைடு.

"செவப்பா, கொச்சகொச்சன்னு..." நிமிர்ந்தாள். "யாருது இது?"

"வேற ஒருத்தரோடது."

"பாவம்."

அப்புறம் அவளுடையது. ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

"நீலமாவே கீது."

"ஆமா."

"இன்னும் நகத்து."

நகர்த்தினேன்.

23-3, சனி

ஒன்பது பேர் முடிவும் வந்தது. ஏழு பேருக்கு இல்லை. இரண்டு பேருக்கு உண்டு, பேட்டரித் தண்ணீரிலும் கும்பலாக. படாளத்து வயல்காரர் ஒருவர், சிங்கப்பெருமாள் கோயில் பூக்கார அம்மாள் ஒருத்தி. போன சனிக்கிழமை நான் சொன்னபடி ஆளனுப்பி மருந்தை நிறுத்தியிருந்தால்? டா. அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அந்த ஏழு பேரில் மதுராந்தகத்துக்காரர் ஒருவர் கிளினிக்குக்கு வந்து சத்தம் போட்டார். நியாயமான சத்தம். இன்னொருவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

கூட்டம் குறையுமா என்று வாசலை எட்டிப் பார்த்தேன். இன்று 14 பேர். சனிக்கிழமைக்கு இது வழக்கமா, குறைவா? தெரியவில்லை.

25-3, திங்கள்

லீவு. திருப்போரூர். ரஹ்மத்தின் மாமியார், மகன் சொல்லியும் நம்பவில்லையாம். கிளினிக்கில் கொடுத்த ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "மொதல்லயும் இதே காகிதந்தான் குடுத்தாங்க" என்றாளாம். ஆளே வந்து சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தன் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். கெட்டியான மனுஷி, அறுபது இருக்கும். பாய் போட்டாள், உட்காரச் சொன்னாள். நான் முழுவதும் சொன்னேன். கூட வந்த ரஹ்மத் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே எங்கோ குழந்தைச் சத்தம்.

"இவ மேல தப்பில்ல, உங்க மேலதான்னு சொல்றியா?"

"ஆமாம்மா. எங்க மேலதான்."

"எழுதிக் குடு."

எழுதினேன். 'ஜனவரி 17 முதல் எங்கள் லேபில் தவறான தண்ணீரைப் பயன்படுத்தியதால் தவறான முடிவு கொடுத்துவிட்டோம். ரஹ்மத்துக்குக் காசநோய் இருந்ததே இல்லை. தவறு எங்களுடையது.' என் பெயர், டா. பெயர்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டாள். "நல்லா உரக்கப் படி பாய். நாலு பேருக்குக் கேக்கட்டும்." அவர் தெருவில் நின்று படித்தார். தண்ணிக்குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'தவறு எங்களுடையது' என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். படியுங்கள் என்றேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள் கிழவி. படித்தார்.

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தையைக் கொண்டுவந்து ரஹ்மத்தின் கையில் கொடுத்தாள். "ராவுல அழுவாது. காலையிலதான் படுத்தும்," என்றாள். குரல் உடைந்தது. ஏழெட்டு வாரம் அவளும்தான் வளர்த்திருக்கிறாள்.

குழந்தை அம்மாவைப் பார்த்து வீறிட்டு அழுதது. பாட்டி பக்கம் கை நீட்டியது. ரஹ்மத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அழுகை. அவளுக்குக் கோவளம் பஸ், எனக்குச் செங்கல்பட்டு. புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். நான் எதையாவது கேட்டால் ரஹ்மத் காதைத் திருப்பி வைத்துக் கேட்கிறாள். இரைச்சல் இன்னும் இருக்கிறது.

குழந்தை அழுது ஓய்ந்து விக்கலெடுத்தது. ரஹ்மத் எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே டீக்கடையில் தண்ணீர்ப் பானை. ஒரு கணம் நின்றாள். பிறகு குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.